வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு

மகளின் முன்பல் விழுந்துவிட்ட சேதி பல்லக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது. வாய் கொப்பளிக்கக் கூப்பிட்டபோது அவள் ஈ என்று காட்டினாள். கீழ்வரிசையின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. "எப்படி விழுந்துச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டாள். "அது புதன்கிழமையே விழுந்தாச்சும்மா" என்றாள் மகள், பழைய செய்தியை விசாரிக்கிறவர்களிடம் காட்டும் அலட்சியத்தோடு. "அத்தை பாத்தாங்க, டீச்சர் பாத்தாங்க, எதிர் வீட்டு ஆன்ட்டிகூடப் பாத்தாங்க. நீதான் பஸ்ல இருந்த."

வேறு யாருக்கு நடந்திருந்தாலும் இது இரண்டு நிமிட வருத்தம். பல்லக்காவின் தொழிலே பல். ஊருக்கு நடுவே, ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த லேபில், பல்செட் செய்கிற வேலை. பிளாஸ்டர் அச்சில் ஈறு எழுப்பி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, இந்த வாய்க்கு வெள்ளை ஒத்து வருமா, லேசான பழுப்பா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். லேபில் முதலாளி முதல் பெருக்குகிறவர் வரை அவளைப் பல்லக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீடு வரைக்கும் அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது. முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் புண்ணியத்தில் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சொந்த மகளின் வாயில் பல் ஆடியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவள் வாஷ்பேசின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

வீடு ஊருக்கு வெளியே இருந்தது. வெளியே என்றால், ஊர் முடிந்து, ஊர் முடிந்ததற்கான அடையாளமெல்லாம் முடிந்து, அதற்கப்புறம். சொந்த வீடு, மொட்டை மாடி, தோட்டம், எலுமிச்சை மரம் எல்லாம் உண்டு. அதிலிருந்து ஒரு பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். மகள் கண்விழிப்பதற்கு முன்னால் கிளம்பி, அவள் கண் மூடிய பிறகு வந்து சேருவாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் சர்வீஸ் ஆபீசும் ஊருக்கு நடுவிலேதான். அவனுக்கும் அதே கதி. "என் பொழப்பே மேலயும் கீழயும் போறதுதான்" என்பான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "ஆனா ஆயுசு பூரா பக்கவாட்டுலயே போயிட்டிருக்கு."

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பல்லக்கா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்னங்க, வேலைக்குப் பக்கத்துல ஒரு வீடு பாப்போம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டா அந்த வாடகை வந்துடும். எலிப்பொந்தா இருந்தாலும் பரவாயில்ல."

"பொந்துன்னா பொந்துதான் கிடைக்கும். நடு ஊருன்னா சும்மாவா?" என்றான் மெக்கானிக். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா வருமா?" என்று கேட்டான்.

அதுதான் கேள்வி. அவனுடைய அக்கா, அவளுக்கு நாத்தனார். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபின் தம்பியை ஆளாக்கியவர். அவருக்கென்று ஒரு கல்யாணம் அமையவில்லை. அமைய நேரம் இருக்கவில்லை என்பதுதான் சரி. இந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் இதுதான் இடம் என்று வைத்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஊசியை எடுத்துக் கையில் கொடுப்பார். அந்தத் தோட்டம் அவர் போட்டது. காலையில் இவர்கள் கிளம்பும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலில் முகம் கறுத்துப்போய், தக்காளிச் செடிகளோடு தனியாகப் பேசிக்கொண்டிருப்பார் என்று எதிர் வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷியைப் பிடுங்கி ஏதோ ஒரு மாடியில் கொண்டுபோய் வைப்பதா என்று பல்லக்கா தயங்கினாள்.

முதலில் வீடு கிடைக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீடு பார்க்கப் போனார்கள். ஒரு தரகர் மாட்டினார். மெலிந்த ஆள், நடை மட்டும் குதிரை நடை. அவருக்கு உலகத்தில் எல்லாமே கூப்பிடு தூரம். ஸ்டேஷன் கூப்பிடு தூரம், பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், மார்க்கெட் கூப்பிடு தூரம். இவர்களும் அவருக்குக் கூப்பிடு தூரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காட்டிய முதல் வீட்டில் ஸ்டேஷன் உண்மையிலேயே பக்கம்தான். எந்த ரயில் எந்த மேடைக்கு வருகிறது என்ற அறிவிப்பு குளியலறைக்குள் கணீரென்று கேட்டது, ரயில் போகும்போது கதவுத் தாழ்ப்பாள் தானாகவே திறந்துகொண்டது. இரண்டாவது வீட்டு ஜன்னலைத் திறந்து, "அதோ பாருங்கம்மா, உங்க ஆஸ்பத்திரி போர்டு!" என்று வெற்றிக் களிப்போடு காட்டினார். போர்டு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் நடுவில் ஆறு ஓடியது. "பாலம் எங்க?" என்று மெக்கானிக் கேட்டான். "பாலம் இருக்கு சார், இல்லாம இருக்குமா?" என்றவர், எங்கே என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் சிரித்தார்கள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வீடு கிடைக்காவிட்டாலும் போகட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று பல்லக்காவுக்குத் தோன்றியது.

கிடைத்தது. மெத்தை விற்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வந்து வழிவிட வேண்டும். ஆனால் லேபுக்கு நடந்தே போகலாம், சர்வீஸ் ஆபீசுக்கு அதைவிடப் பக்கம், தெருக்கோடியில் பள்ளிக்கூடம். "கீழ மெத்தைக் கடைங்க. சத்தமே வராது. தவறி விழுந்தாலும் அடிபடாது" என்றார் கூப்பிடு தூரம். மெக்கானிக் படிக்கட்டை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "லிஃப்ட் இல்ல. ஆபீஸ் விட்டு வந்தா எனக்கு நிம்மதி" என்று சொல்லிச் சரி என்று தலையாட்டினான்.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டும். "உங்க அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள். "உன்மேலதான் அதுக்கு உசிரு, நீ சொல்லு" என்று அவன், சொட்டாத குழாயைச் சரிசெய்யப் போய்விட்டான்.

நாத்தனார் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாய்ந்த தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பல்லக்கா பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணி, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"வீடு பாத்துட்டீங்க. அதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையானா கடைக்குப் போறோம்னு போறீங்க. வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றீங்க. கடையில என்ன காத்தா வாங்கினீங்க?" நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

வீடு எங்கே, எவ்வளவு சின்னது, பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கம் என்று அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். தோட்டம் கிடையாது என்பதைக் கடைசியில், விழுங்கி விழுங்கிச் சொன்னாள். நாத்தனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பஸ் ஸ்டாப் பக்கமா?"

"இறங்கினா வாசல்லயே அண்ணி."

"ம்" என்றார். போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடியும் அதே முடிச்சைப் போட்டார். அந்த முடிச்சைப் பார்த்துத்தான் பல்லக்காவுக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாப்பை எதற்குக் கேட்டார்? நினைத்தபோது ஓடிவந்து இந்தச் செடிகளைப் பார்த்துவிட்டுப் போகத்தானே? அன்று முழுக்க அவள் நாத்தனாரின் தட்டில் எல்லாவற்றையும் இரண்டாம் முறை அள்ளி வைத்தாள். "எனக்கென்ன வயிறா, குதிரா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சாமான்கள் லாரியில் போயின. உதிரி மூட்டைகளை எடுத்துக்கொண்டு இவர்கள் பஸ்ஸில் போனார்கள். போய் இறங்கிப் பார்த்தால் ஒரு பையைக் காணோம்; மகளின் பள்ளிக்கூட ஷூவும் வீட்டுக் கத்தரிக்கோலும் இருந்த பை. கண்டக்டர் எடுத்து வைத்திருந்தால் கடைசி டிப்போவில் இருக்கும், தவறவிட்ட பொருளெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும் என்றார்கள். கடைசி டிப்போ ஊரின் அடுத்த முனையில் இருந்தது. அதை யார் போய் வாங்குவது என்று யாரும் பேசவே இல்லை. ஷூ புதிதாக வாங்கியாயிற்று. கத்தரிக்கோலுக்குப் பதிலாகப் பல்லைப் பயன்படுத்தினார்கள்.

புது வீட்டின் முதல் சாயங்காலம் பல்லக்காவுக்கு மறக்காது. லேபை விட்டு இறங்கியவள் பழக்கதோஷத்தில் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். பாதி ஓட்டத்தில் ஞாபகம் வந்து, நின்று, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தாள். வீடு வந்தபோது கூடத்தில் வெயில் இருந்தது. தன் வீட்டுத் தரையில் சாயங்கால வெயிலை வேலைநாளில் அவள் பார்த்ததே இல்லை. சற்று நேரத்தில் மெக்கானிக் வந்தான். இருவரும் கூடத்தின் இரண்டு முனைகளில், பெண் பார்க்க வந்த இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்தார்கள். டீ குடித்தார்கள். மணி நகரவே இல்லை.

"எல்லாரும் சாயங்காலம் வீட்ல என்னதான் செய்வாங்க?" என்று கேட்டான் அவன், நிஜமாகவே தெரியாமல்.

"எனக்கென்னங்க தெரியும்? நானும் உங்ககூட வந்தவதானே."

"விளையாடுவாங்க" என்றாள் மகள் நடுவிலிருந்து. அப்புறம் விளையாடினார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்த மெக்கானிக்கை வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. குளிக்கும்போது அவன் பாடுவான் என்பதும், அதுவும் நன்றாகவே பாடுவான் என்பதும் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு அந்த வாரம்தான் தெரியவந்தது. "ஏன் இத்தனை நாள் பாடல?" என்று கேட்டதற்கு, "காலைல அஞ்சு மணிக்கு எவன் பாடுவான்?" என்றான்.

நாத்தனார் மட்டும் பால்கனிக் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்து, கீழே வந்து நிற்கும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாத்திரங்களுக்கு இடம் ஒதுக்கும் வேலை இரண்டே நாளில் முடிந்துபோயிற்று. அதற்கு மேல் ஒதுக்க வீட்டில் இடமும் இல்லை. பல்லக்காவுக்கு மனசு உறுத்தியது. இரண்டு பூந்தொட்டி வாங்கிவந்து வைத்தாள். நாத்தனார் அவற்றைப் பார்த்த பார்வை, வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. வருத்தத்தில் அப்படிப் பார்க்கிறார் என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை நாத்தனார் தலையைச் சீவி முடித்துக்கொண்டு வந்து நின்றார். "அந்தப் பையை நான் போய் வாங்கிட்டு வரேன்."

"எதுக்கு அண்ணி? ஷூதான் வாங்கியாச்சே."

"கத்தரிக்கோல் நல்ல கத்தரிக்கோல்" என்றவர் படியிறங்கிவிட்டார்.

மத்தியானம் வரவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பல்லக்கா லேபிலிருந்து வந்தபோது மகள் மெத்தைக் கடையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைக் கடைக்கார அம்மாள் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்தான். "பழைய வீட்டுக்குப் போயிருக்கும். அந்த எலுமிச்சை மரத்தடியில உக்காந்து அழுதுட்டிருக்கும்" என்றான். தேடக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக ஏறும் சத்தம்.

நாத்தனாரின் உடுப்பெல்லாம் தூசி. முடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. முகம் மட்டும் விளக்கேற்றியது போல இருந்தது. "அந்த ரூமை நீங்க பாக்கணுமே!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "குடை மட்டும் மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு. அந்த மனுஷன் ஒரு குடையை உருவினா ஒம்பது குடை சரியுது. உள்ள தேடி எடுத்துக்கோங்கம்மான்னுட்டாரு. சும்மா எப்படித் தேடறது? முதல்ல குடையெல்லாம் ஒரு பக்கம் போட்டேன். அப்புறம் பை. அப்புறம் கண்ணாடி. ஒரு டப்பாவுல உன் சமாச்சாரம்கூட இருந்துச்சு, பல்செட்டு! எவனோ பஸ்ஸுல பல்லைக் கழட்டி வச்சிட்டு இறங்கிப் போயிருக்கான்."

"ஐயோ, எங்க லேபு வேலையான்னு பாக்கணுமே" என்றாள் பல்லக்கா, தன்னை மறந்து.

"பை கிடைச்சுதா?" என்றான் மெக்கானிக்.

"அது போன உடனே கிடைச்சுடுச்சு" என்றார் நாத்தனார்.

குழந்தையை மறந்துவிட்டோமே என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அன்று தூங்கும்வரை இறக்கிவிடவே இல்லை.

அதற்கப்புறம் அவர் மறுபடியும் போனார், பள்ளிக்கூடம் விடுவதற்குள் திரும்பி வந்தார். இன்னொரு முறை போனார். அந்த வார முடிவில், மெக்கானிக் டீ தம்ளரை வாயில் வைத்திருந்த நேரம் பார்த்துச் சொன்னார்: "டிப்போவுல என்னை வேலைக்கு வரச் சொல்றாங்க. அந்த ரூமைப் பாத்துக்கணும். தொலைச்சவங்க வந்தா விசாரிச்சு எடுத்துக் கொடுக்கணும். நான் வரேன்னுட்டேன்."

மெக்கானிக்குக்குப் புரையேறியது. இருமி முடித்துவிட்டு, "அக்கா, அந்த டிப்போ எங்க இருக்கு தெரியுமா? நம்ம பழைய வீட்டைவிடத் தூரம்! ரெண்டு பஸ் மாறணும். பயணத்தைக் குறைக்கத்தானே வீட்டையே மாத்தினோம்?" என்றான்.

"உங்க பயணத்தைக் குறைச்சீங்க, சரி. எனக்குத்தான் பயணமே கிடையாதேடா, எதைக் குறைக்கிறது?"

அவன் டீ தம்ளரைக் கீழே வைத்தான். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பல்லக்காவுக்கு அங்கே உடைந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான் அண்ணி. உங்க தோட்டத்தைவிட்டு உங்களைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். அந்த வருத்தத்துலதானே இப்படி..."

"எந்தத் தோட்டம்?" என்றார் நாத்தனார். பிறகு புரிந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் தோட்டம் பிடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா? அந்த எலுமிச்சையைக் கண்டாலே எனக்கு எரியும். கையெல்லாம் முள்ளு கிழிச்ச தடம்தான். நீ வேற ரெண்டு தொட்டியை வாங்கிட்டு வந்து வச்சிருக்கே."

"பின்ன ஏன் வளர்த்தீங்க?"

"காலைல நீங்க ரெண்டு பேரும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. இதுவும் பள்ளிக்கூடம் போயிடும். கேட்டைச் சாத்திட்டுத் திரும்பினா, பகல் முழுக்க என் முன்னால அப்படியே நிக்கும். அதுக்கு ஏதாவது பண்ணணும்ல? தண்ணி ஊத்தினேன். செடி வந்துச்சு." நாத்தனார் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் அடுத்து வந்ததைக் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது. "நீங்க தினம் பஸ்ஸைத் திட்டிக்கிட்டே வருவீங்க. கூட்டம், நசுங்கிட்டேன், எவளோ கால மிதிச்சுட்டான்னு. அதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு, நம்ம கால யாராவது மிதிக்கக் கூடாதான்னு இருக்கும்."

மெக்கானிக் எழுந்து சமையலறைக்குள் போனான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தான். அத்தனை வீடு பார்த்தோமே, தரகர் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து காட்டினாரே, ஒரு வீட்டையாவது இவரைக் கூட்டிப்போய்க் காட்டி, உங்களுக்கு எங்கே இருக்க ஆசை என்று கேட்டோமா என்று பல்லக்கா நினைத்தாள். வரமாட்டாரோ என்று பயந்தோம், கேட்கத் தோன்றவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது" என்றார் நாத்தனார், குரல் இறங்கி. "வேலை முடிஞ்சு வர சாயங்காலம் ஆயிடும். இது பள்ளிக்கூடம் விட்டு வந்தா யாரு இருப்பா?"

"அதை என்கிட்ட விடுங்க அண்ணி" என்றாள் பல்லக்கா.

மறுநாள் முதலாளியிடம் போய், தினமும் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே போகிறேன் என்றாள். "இத்தனை வருஷமா ரயில் லேட்டு, பஸ் லேட்டுன்னு கதை சொன்ன ஆளு, இப்ப எனக்கு முன்னால வந்து நிக்கப் போறியா?" என்று கேட்டவர், மேசை இழுப்பறையைத் திறந்து லேப் சாவியைத் தூக்கி அவள் கையில் போட்டார். "திறக்கிற வேலை எனக்கு மிச்சம்."

நாத்தனார் முதல்நாள் வேலைக்குக் கிளம்பியது ஒரு கல்யாண வீட்டுக் களேபரம். புதுத் தோள்பையில் எதை வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு டப்பா, தண்ணீர், மாற்றுச் செருப்பு, டார்ச் லைட் என்று திணித்து, எடுத்து, மறுபடியும் திணித்தார். மூன்று பேரும் வழியனுப்பக் கீழே இறங்கினார்கள். மெத்தைக் கடை அம்மாள்கூட வாசலுக்கு வந்துவிட்டாள். "கூட்டமா இருந்தா ஏறாதக்கா, அடுத்த பஸ்ல போ" என்றான் மெக்கானிக்.

"கூட்டமா இருந்தாத்தான் ஏறுவேன்" என்றார். ஏறவும் செய்தார். படியில் நின்றவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போன வேகத்தைப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அதையே செய்துவந்தவர் போலிருந்தது.

இப்போதெல்லாம் சாயங்காலம் பல்லக்காவும் மகளும் அவரை எதிர்பார்த்துக் கீழே வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. வந்து இறங்கியதும் அன்றைக்கு யார் எதைத் தொலைத்தார்கள் என்ற கதை தெருவிலேயே ஆரம்பித்துவிடும். அதைக் கேட்கத்தான் மகள் ஓடிவருவாள். அன்றும் நின்றுகொண்டிருந்தார்கள். மழை விட்டுத் தெரு பளபளவென்று இருந்தது. பஸ் வந்து நின்றது. முன்வாசலில் நாலைந்து பேர் இறங்கினார்கள். நாத்தனார் இறங்கவில்லை.

"அம்மா, அதோ!" என்றாள் மகள்.

ஜன்னலோர இருக்கையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். வெளியே பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். முன் இருக்கையிலிருந்தவர்கள் இரண்டு பேர் உடம்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெரியவர் குனிந்து காதைக் கொடுத்திருந்தார். சொல்லிக்கொண்டிருந்தது எந்தப் பொருளைப் பற்றி என்று தெரியவில்லை. இரண்டு கைகளும் அகல விரிந்து, அது எவ்வளவு பெரிசு என்று காட்டின. பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது.

மகள் கையை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். பல்லக்கா அவளைப் பிடிக்க ஓடினாள், ஓட முடியாமல் சிரிப்பு வந்து தேங்கிய தண்ணீரில் காலை வைத்து நின்றாள். தெருமுனையில் பஸ் மெதுவாகச் சாய்ந்து திரும்பியது. ஜன்னலுக்குள் அந்தக் கைகள் இரண்டும் முன்னைவிட இன்னும் அகலமாக விரிந்துகொண்டே போயின.